வாசலுக்கு வெளியே நின்றவர்



 அண்மையில் என் கைக்கு வந்த ஒரு புகைப்படத் தொகுப்பைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அது எனக்கு அன்பளிப்பாகவே வந்தது. ஆயினும் அதைத் திறந்த நாள் முதல் அது என்னை நியாயம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த வாரத் தியானத்தை உங்கள் போதகரின் பாவ அறிக்கையாகவே வாசியுங்கள்.

நம் காலை ஏழு மணி ஆராதனையில், கடைசி இருக்கையில், தூணோரமாக அமர்ந்திருந்த கொரிய சகோதரரை உங்களில் பலர் அறிவீர்கள். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராக மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். உற்பத்தி நின்றிருக்கும் ஞாயிறுகளில்தான் பராமரிப்பு வேலை நடைபெறும் என்பதால், மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் அவர் சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். வேலைக்குச் செல்லும் வழியில் நம்மோடு ஆராதித்துவிட்டுச் செல்வார். தமிழ் அறியாதவர். ஆனால் பாடல்களின் இராகங்களை அறிந்தவர். நாம் தமிழில் பாடும்போது அவர் அதே இராகத்தில் கொரிய மொழியில் மெல்லப் பாடுவார். என்னை 'மோக்சானிம்' என்று அழைப்பார். போதகர் ஐயா என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல்.

அவர் பிறந்து வளர்ந்தது பூசான் என்னும் துறைமுக நகரம். கடலைப் பார்க்காமல் தன்னால் இருக்க இயலாது என்று சொல்லி, பெசன்ட் நகரில் வீடு எடுத்திருந்தார். அதற்காக நாள்தோறும் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் காரில் பயணம் செய்தார். பூசானில் அவருடைய தாயார் தனியாக வசிக்கிறார். மகன் போய்ச் சேர்ந்த ஊர் எப்படிப்பட்டதோ என்று அந்தத் தாய்க்குக் கவலை. அவருக்காக இந்தச் சகோதரர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு புகைப்படம். ஒன்று மட்டுமே. அதை அன்றிரவே தாயாருக்கு அனுப்பிவிடுவார்.

இப்படிச் செய்பவர்கள் உலகெங்கும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். 2005ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எரிக் தெனின் என்பவர் தம் நகரத்தை நாளுக்கொரு படமாக இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். அதைப் பின்பற்றிப் பல நாடுகளின் நகரங்களிலிருந்தும், நம் சென்னையிலிருந்தும்கூட, அப்படிப்பட்ட பதிவுகள் வெளிவந்தன. நம் சகோதரரோ தம் தாயார் ஒருவருக்காக மட்டுமே எடுத்தார். "ஏன் ஒன்றே ஒன்று?" என்று ஒருமுறை கேட்டேன். "நூறு எடுக்கலாம் என்றால் எதையும் பார்க்க மாட்டேன், மோக்சானிம். ஒன்றுதான் என்றால், எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றார்.

சென்ற மாதம் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினார். புறப்படுமுன் நம் போதகர் இல்லத்துக்கு வந்து, அந்த மூன்றாண்டுப் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து அச்சிட்ட ஒரு தொகுப்பை என்னிடம் கொடுத்தார். அவர் போன பின் நானும் என் மனைவியும் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம்.

முதற் பக்கத்தில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னம் இருந்தது. கார்ல் ஷ்மிட் நினைவிடம் என்று அதைச் சொல்வார்கள். அதன் நிழலில் இரண்டு சிறுவர்கள் பட்டத்தின் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த பக்கங்களில் காசிமேட்டில் விடியலுக்கு முன் நடக்கும் மீன் ஏலம், மெரினாவில் சுண்டல் விற்றுவிட்டு மணலிலேயே உறங்கிப்போன ஒரு சிறுவன், பட்டினப்பாக்கத்தில் கிழிந்த வலையைக் கால் விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பின்னும் முதியவர், மழை நாளில் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பூக்கட்டும் அம்மா. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும், அதில் இருப்பவரின் பெயரும் கொரிய எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. நான் சென்னைக்கு எத்தனையோ முறை போய் வந்தவன். அந்தக் கடற்கரையில் பெயர் சொல்லி அழைக்க எனக்கு ஒருவரும் இல்லை.

பின்னர் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் வந்தன. நம் ஆலயம், நம் வாசல், நம் புங்கமரம். முதலில் மகிழ்ச்சியோடு பார்த்தோம். மூன்றாவது படத்தில் என் மனைவி, "இந்தத் தம்பி யார்?" என்று கேட்டாள்.

வாசலுக்கு வெளியே, மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்தில், நீலச் சீருடை அணிந்த ஓர் இளைஞர் நின்றிருந்தார். தோளில் ஒரு பை. முகம் ஆலயத்தை நோக்கியிருந்தது. பக்கத்தைத் திருப்பினோம். வேறொரு ஞாயிறு, அதே இடம், அதே இளைஞர். எண்ணிப் பார்த்தபோது ஏழு ஞாயிறுகள். அவற்றுள் ஒரு படத்தில் நானும் இருக்கிறேன். ஆராதனை முடிந்து, அங்கி களையாமல், வாசலில் நின்று குடும்பம் குடும்பமாகக் கைகுலுக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அந்த இளைஞருக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. என் முகம் அவர் இருக்கும் திசையில்தான் திரும்பியிருக்கிறது. ஆனால் அவரைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

அன்பானவர்களே, புகைப்படக் கலையின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. லினேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுப்புகளில் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களின் கோபுரங்களும் மண்டபங்களும் கல் கல்லாகத் தெளிந்து நிற்கின்றன. ஆனால் வீதிகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அக்காலத்துக் காகித நெகட்டிவில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். அசையாமல் நிற்கும் கல் பதியும். நடந்து போகிறவர் பதியமாட்டார். சுமை தூக்கியவரும் தண்ணீர் எடுத்துச் சென்றவரும் அவ்வழியே போயிருந்தாலும், படத்தில் இல்லாமலே போய்விட்டார்கள்.

என் கண்களும் அப்படிப்பட்ட கருவியாகிவிட்டன என்று உணர்ந்தேன். நிலையாக நிற்பவர்கள் அவற்றில் பதிகிறார்கள். சந்தா செலுத்துகிறவர்கள், பாடகர் குழுவினர், மூன்று தலைமுறையாக ஒரே இருக்கையில் அமரும் குடும்பத்தார் ஆகிய அனைவரையும் நான் அறிவேன். கடந்து போகிறவர்களோ பதிவதில்லை. நாம் வாழும் இந்த வட்டாரமோ கடந்து போகிறவர்களால் நிறைந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. வயல்களும் ஏரிகளுமாக இருந்த ஊர்களில் இன்று ஒடியாவும் இந்தியும் வங்காளமும் அசாமியும் கேட்கின்றன. வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு குடியிருப்பில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் தங்கலாம். அதிகாலையில் நம் சாலைகளில் வரிசையாக விரையும் நிறுவனப் பேருந்துகளை நாம் யாவரும் காண்கிறோம். சன்னல்களில் சாய்ந்து உறங்கும் முகங்களில் ஒன்றையாவது கண்டிருக்கிறோமா?

அன்றிரவே அந்தச் சகோதரருக்குத் தொலைபேசியில் பேசினேன். படத்தில் நிற்பவர் யார் என்று கேட்டேன். உடனே பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்த பழங்குடி இளைஞர். ஒப்பந்தத் தொழிலாளி. இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில், நம் முதற் பாடலைக் கேட்பதற்காக நிற்பார். அவர் வளர்ந்தது லூத்தரன் சபையில். 1845இல் ராஞ்சியில் ஜெர்மானிய மிஷனெரிகள் தொடங்கிய ஊழியத்தின் கனி அந்தச் சபை. நாம் தமிழில் பாடிய இராகத்தையே அவருடைய தாய் சாத்ரி மொழியில் பாடுவாராம்.

சபையாரே, இதைச் சற்றே சிந்தியுங்கள். உள்ளே தூணோரமாக ஒருவர் கொரிய மொழியில், வெளியே மரத்தடியில் ஒருவர் சாத்ரி மொழியில், இருவரும் நம்மோடு ஒரே இராகத்தில் பாடியிருக்கிறார்கள். அது ஒரே பாடல் என்பது நமக்கு மட்டுமே தெரியவில்லை.

"அவர் ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்டேன். சகோதரர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "நானும் கேட்டேன், மோக்சானிம். உள்ளே எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருக்கிறார்கள், என் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கிறது என்றார். நான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்திருக்க வேண்டும். நான் படம் மட்டும் எடுத்தேன்."

அவருடைய அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வேறொரு வெளிநாட்டாரை நினைவூட்டியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, எலும்பும் தோலுமாய்ப் போன மக்களைக் குழுக் குழுவாக அமரவைத்துப் புகைப்படங்கள் எடுத்தார். இன்றும் அந்தப் படங்களை நேராகப் பார்ப்பது கடினம். படம் எடுத்து முடிந்ததும் அந்த மக்களுக்கு உணவோ உதவியோ தராமல் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அக்காலத்திலேயே அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. சில ஆண்டுகள் கழித்து பர்மாவில், மரண தண்டனை நிறைவேற்றப்படும் கணத்தைப் படம் பிடித்ததற்காக அவர் விசாரணைக்கும் கண்டனத்துக்கும் உள்ளானார். அவர் கண்களில் குறையில்லை. டிரைப்பின் படங்களில் காணாமல் போன மனிதர்கள் ஹூப்பரின் படங்களில் மிகத் தெளிவாக இருக்கிறார்கள். ஆயினும் காண்பதற்கும் இரங்குவதற்கும் இடையே உள்ள அந்தச் சிறு தூரம் கடக்கப்படாமலே நின்றுவிட்டது.

நம் சகோதரரை ஹூப்பரோடு ஒப்பிடுவது நீதியாகாது. அவர் அந்த இளைஞரின் பெயரைக் கேட்டார், தேநீர் வாங்கிக் கொடுத்தார், அவருடைய படத்தை அவருக்கே அனுப்பினார். தாம் செய்யாமல் விட்டதை எண்ணி வருந்தவும் செய்தார். நானோ எதையும் செய்யாமல் விட்டவன். காணவே இல்லாதவன். எரிகோ சாலையில் விழுந்துகிடந்தவனைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையில், ஆசாரியனும் லேவியனும்கூட அவனைக் கண்டபின்தான் விலகிப் போனார்கள். அந்த அளவுக்குக்கூட நான் தேறவில்லை.

அந்த இளைஞரின் தொலைபேசி எண்ணைப் பெற்று, இந்தி அறிந்த நம் சபையின் ஆசிரியை ஒருவரின் துணையோடு பேசினேன். ஒப்பந்தம் முடிந்து இப்போது ஓசூரில் இருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் மிகுந்த மரியாதையோடு பேசினார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. பேச்சின் நடுவே, ஏதோ சாதாரணச் செய்தியைப் போல ஒன்றைச் சொன்னார். அந்த ஞாயிறுகளில் ஒன்றில், பணி முடியும் வேளையில், தகப்பனார் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து செய்தி வந்ததாம். உடனே புறப்பட்டாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. எங்கே போவதென்று தெரியாமல் நம் வாசலுக்கு வந்திருக்கிறார். ஆசீர்வாதம் கூறி முடிக்கும் வரை நின்றிருக்கிறார். பிறகு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

தேதியைக் கேட்டுக்கொண்டு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்றைய என் பிரசங்கம் எதைப் பற்றியது என்பதைவிட, ஓரத்தில் எழுதியிருந்த வரிதான் என்னைக் குத்தியது. புதிய சுற்றுச்சுவருக்கான நிதி அறிவிப்பை இருமுறை வாசிக்க வேண்டும் என்று என் கையெழுத்திலேயே குறித்து வைத்திருந்தேன்.

மதுரை இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி பயின்ற நாட்களில், பழைய ஏற்பாட்டில் அந்நியரைக் குறிக்க ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு என்று கற்றேன். நம் வாசல்களுக்குள் வந்து, நம்மிடையே தங்கி, உழைத்துப் பிழைக்கும் அந்நியருக்கு 'கேர்' என்று பெயர். அந்தக் கேரை ஒடுக்காதிருக்கவும், நேசிக்கவும் கர்த்தர் தம் ஜனத்துக்குக் கட்டளையிட்டார். அதற்குச் சொன்ன காரணம், அவர்களும் எகிப்தில் அப்படியே இருந்தவர்கள் என்பதாகும். நம் வரலாறும் அதுதானே? 1706இல் தரங்கம்பாடிக் கடற்கரையில் இறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு இம்மண்ணில் ஒருவரையும் தெரியாது. அந்நியராய் வந்தவரிடமிருந்தே நற்செய்தியைப் பெற்றோம். அதன் பின்பு வாசலில் வந்து நின்ற அந்நியரைக் காணத் தவறிவிட்டோம். அவரைக் கண்டதும் ஓர் அந்நியரே. தானும் மொழி தெரியாமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்ததால், அதற்கும் அப்பால் நிற்பவர் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்.

எனக்கு இப்போது ஆறுதல் தருவது மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் வரும் பெத்சாயிதா ஊர்க் குருடனின் நிகழ்ச்சி. ஆண்டவர் முதல்முறை தொட்டபோது அவனுக்குப் பார்வை வந்தது, ஆனால் நடமாடும் மனிதர்கள் மரங்களாகத் தோன்றினார்கள். ஆண்டவர் அவனை அந்த அரைப் பார்வையோடு அனுப்பிவிடவில்லை. மீண்டும் கைகளை வைத்தார். அதன் பின்பே அவன் எல்லாவற்றையும் தெளிவாகக் கண்டான். முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்தபின்னும், எனக்கும் அந்த இரண்டாம் தொடுதல் தேவைப்படுகிறது. ஒருவேளை உங்களுக்கும் தேவைப்படலாம்.

தொகுப்பின் முதற் பக்கத்துக்கு மீண்டும் வருகிறேன். கார்ல் ஷ்மிட் டென்மார்க் நாட்டவர். 1930ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று, அந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற நீரில் இறங்கி, தாம் மூழ்கி மரித்தார். நம் சகோதரர் ஏன் அந்தப் படத்தை முதலில் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த அந்நியர் கரையில் நின்று கண்டார், கண்டதும் இறங்கினார் என்பதை மட்டும் எண்ணிக்கொள்கிறேன். பாலைவனத்து நீரூற்றருகே ஆகாரைக் கண்ட தேவனும் அப்படிப்பட்டவரே. வீட்டைவிட்டு ஓடிவந்த எகிப்திய அடிமைப்பெண்ணை அவர் பெயர் சொல்லி அழைத்தார், எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரித்தார். தேவனுக்கு அவள் இட்ட பெயரின் பொருள், காண்கிறவர் என்பதே.

ஆகையால் அன்பானவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிறு முதல் ஆராதனைக்குப் பின் தரும் தேநீரை மண்டபத்தில் வைக்காமல், வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் வைப்பதென்று சபைக் குழுவில் பேசியிருக்கிறோம். நான் அங்கேதான் நிற்பேன். என்னிடம் கைகுலுக்க விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள். ஒடியாவோ இந்தியோ அறிந்தவர்கள் என் அருகில் நில்லுங்கள். மற்ற ஆறு நாட்களிலும், பெயர் அறியாமல் நாம் கடந்து போகும் முகங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவைப் பெருக்குகிற அம்மாவாகவோ, பக்கத்து விடுதியின் காவலாளியாகவோ அவர் இருக்கலாம். கைபேசியை எடுக்க வேண்டாம். பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். வீட்டில் யாவரும் நலமா என்று கேளுங்கள். அந்த ஞாயிறு அந்த வாசலில் எவராவது அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டிருந்தால் போதுமே!

ஓசூரிலிருந்து அந்த இளைஞர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே. ஊரில் தனியாக இருக்கும் தன் தாய்க்காக ஜெபிக்க வேண்டும் என்றார். பூசானில் மகன் அனுப்பும் படத்துக்காக ஒவ்வோர் இரவும் காத்திருந்த தாயையும் நினைத்துக்கொண்டேன். இருவருக்காகவும் ஜெபியுங்கள்.

ஜெபிப்போம்: எங்களைக் காண்கிற ஆண்டவரே, எங்கள் கண்களை இன்னொரு முறை தொட்டருளும். எங்கள் வாசலில் நிற்பவரை மரமாகவும் நிழலாகவும் அல்ல, உமது சாயலாகவே காணச் செய்யும். கண்டபின் கரையிலேயே நின்றுவிடாதபடி எங்கள் கால்களுக்குத் துணிவைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

ஆண்டவரின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்